நிறுத்தச் சொல்பவரா, கூடவே நிறுத்துபவரா? புகையை விடுவதற்குத் துணை தேடும்போது

மதுரையில் ஒருவர் சிகரெட்டை விடப்போவதாக வாய் திறந்து சொன்னால் போதும், அன்று மாலைக்குள் ஆலோசனைகள் குவிந்துவிடும். மனைவியிடம் சத்தியம் செய்து கொடு என்பார் ஒருவர். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிடு, தானாக நின்றுவிடும் என்பார் இன்னொருவர். மருந்துக் கடையில் நிகோட்டின் சூயிங்கம் வாங்கு, பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய், ஆயிரம் ரூபாய் பந்தயம் கட்டு என்று பட்டியல் நீளும். யாருடைய தயவும் இல்லாமல் வைராக்கியத்தால் மட்டும் விட்டவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். அவர் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கி ஒலிக்கும். அவரை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு கணக்கு. எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். வென்றவர் பேசுகிறார், மற்ற 95 பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே துணை வேண்டும். எந்தத் துணை என்பதற்கு முன், எதற்குத் துணை என்பதைப் பார்த்துவிடலாம். நிகோட்டின் உடலை விட்டு விரைவாகவே வெளியேறிவிடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் எட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்கள், ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் யாரிடம் கூசாமல் சொல்ல முடியும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் கீழே எல்லாரையும் எடைபோட்டிருக்கிறேன்.

வீடு

வீட்டைத் துணைக்கு அழைப்பதில் நம் ஊரில் முதலிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. விடப்போகிறேன் என்று சொல்ல வேண்டுமானால், இதுவரை பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவரும் கீழமாசி வீதியில் சித்தப்பா வருவதைக் கண்டால் விரலிடுக்கில் இருப்பதை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார். சித்தப்பாவும் புகையைப் பார்க்காதவர் போலவே நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். இரு தரப்பும் சேர்ந்து காக்கும் இந்த நாகரிகத்தை உடைத்து, "அப்பா, நான் நிறுத்தப் போகிறேன், நீங்கள் துணை நிற்க வேண்டும்" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? மனைவியிடம் வேண்டுமானால் சொல்லலாம். எந்த மிட்டாயும் சட்டையின் வாடையை மறைத்ததில்லை என்பதால் அவருக்கு எப்படியும் தெரியும்.

மனைவியின் ஆதரவு எவ்வளவு உதவும்? துணைவர், குடும்பத்தார், நண்பர் ஆகியோரின் ஆதரவைக் கூட்டுவதற்கென்றே வகுக்கப்பட்ட திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தது. அப்படிப்பட்ட திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் இடையே வெற்றியில் வேறுபாடு தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டாரால் பயனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஆய்வுகளில் பலவற்றில் துணைவர் தரும் ஆதரவே கூடவில்லை. ஆதரவு கூடாதபோது பலன் எங்கிருந்து வரும்? வேறு ஆய்வுகள் சொல்வது இது: பாராட்டும் பேச்சு நச்சரிக்கும் பேச்சை விட அதிகமாக இருக்கும் வீடுகளில் விட்டவர்கள் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்று பிடித்தீர்களா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. பிடித்திருந்தாலும் இல்லை, பிடிக்காவிட்டாலும் இல்லை. ஓரிரு நாளில் அந்த வீட்டில் உண்மை பேச வழியே இல்லாமல் போய்விடுகிறது. சறுக்கியவர் மறைக்கிறார், மறைத்தவர் மறுநாளும் பிடிக்கிறார். சத்தியம் வாங்குவது இதை விடவும் மோசம். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவருக்கு ஒரே ஒரு சிகரெட்டும் பெரும்பாவமாகிவிடுகிறது. பாவம் செய்தாகிவிட்டது, இனி எண்ணிக்கை எதற்கு என்று பாக்கெட்டாகவே வாங்கிவிடுகிறார்.

வீடு உண்மையிலேயே பயன்படும் இடம் வேறு. முதல் இரண்டு வாரம் அவர் சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்துவார். அது சாம்பாரைப் பற்றிய கத்தல் அல்ல என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் போதும். வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் யாருமே புகைக்கக் கூடாது என்ற விதி இருந்தால் இன்னும் நல்லது. தேதி குறிப்பதிலும் வீட்டார் உதவலாம். உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து, கறிவிருந்து, மொய் என்று சொந்தமெல்லாம் கூடும் வாரத்திலோ சித்திரைத் திருவிழா நடுவிலோ நிறுத்தத் தொடங்குவது வீண் வேலை.

இடையில் ஒன்று. பேரன் பீடி பிடிப்பதைத் திட்டும் அப்பத்தா, வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து இடிப்பதை நம் கிராமங்களில் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அவரும் பேரனோடு சேர்ந்து விடுவதாகச் சொன்னால் அது அறிவுரை சொல்வதை விட மேலான உதவி. ஏன் என்பது கீழே வருகிறது.

மாலை

மாலை போட்டவருக்குக் கிடைக்கும் ஆதரவை எந்த ஆலோசனை மையமும் தர முடியாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, கருப்பு வேட்டியே சொல்லிவிடுகிறது. பெட்டிக்கடைக்காரர் தாமாகவே சிகரெட்டை நீட்டத் தயங்குவார், கூட நிற்பவர் புகையை வேறு பக்கம் ஊதுவார், யாராவது கண்டால் "என்ன சாமி, இது?" என்று கேட்டுவிடுவார்கள். 41 நாள் விரதத்தை முழுமையாக இருப்பவர் உடல் படும் பாட்டையெல்லாம் கடந்துவிடுகிறார். உடலைப் பொறுத்தவரை அவர் ஏற்கெனவே விட்டுவிட்டவர்.

பிறகு ஏன் திரும்புகிறார்? அத்தனை ஆதரவும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது என்பதால்தான். மாலை கழன்றதும் கடைக்காரர் பழையபடி நீட்டுகிறார். விரதமும் ஒரு தேதி வரைக்கும்தான் என்று தொடக்கத்திலேயே மனத்துக்குத் தெரியும். குமுளி இறங்கிக் கம்பம் தாண்டும்போதே மனம் மறுநாள் டீக்கடைக்குப் போய்விடுகிறது. பழனிப் பாதயாத்திரைக்கும் இதே கதை. ரமலான் நோன்பில் இன்னும் கடினம். பகல் முழுதும் விட முடிந்தவருக்கு ஒவ்வொரு மாலையும் வாசல் திறந்துவிடுகிறது.

என் கணிப்பு: தொடங்குவதற்கு இதை விடச் சிறந்த நாள் ஆண்டில் இல்லை, தொடர்வதற்கு இது மட்டும் போதாது. ஆனால் ஒரே குருசாமியிடம் மாலை போட்ட இரண்டு பேர், விரதத்தின் கடைசி வாரத்திலேயே "இதை மட்டும் கழற்ற வேண்டாம்" என்று பேசி வைத்துக்கொண்டால் கதை மாறும்.

கூட நிறுத்துபவர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் நடந்துவரும் நீண்டகால இதயநோய் ஆய்வின் பதிவுகளை எடுத்து, 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவு வலையைக் கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. கணவனோ மனைவியோ புகையை விட்டால் மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 67% குறைந்தது. நண்பர் விட்டால் 36%. சிறிய நிறுவனத்தில் உடன் வேலை பார்ப்பவர் விட்டால் 34%. உடன்பிறந்தவர் விட்டால் 25%.

இதை முன்பு சொன்ன காக்ரேன் முடிவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணைவருக்கு ஊக்குவிக்கக் கற்றுத்தந்தால் பலன் தெரியவில்லை. துணைவரே விட்டால் பலன் மிகப் பெரிது. ஒன்றாக விட்டவர்கள் ஒரே காரணத்தால், ஒரே மருத்துவரின் எச்சரிக்கையால் விட்டிருக்கலாம் என்பது உண்மைதான். இந்த வகை ஆய்வு அதைப் பிரித்துக் காட்டாது. இருந்தாலும் திசை தெளிவு. மதுரையில் பெரும்பாலான மனைவிமார் புகைப்பதில்லை. ஆகவே அந்த 67 நமக்குக் கைக்கு எட்டாத கனி. அடுத்த வரிசையில் இருப்பவர்கள் நண்பரும் சக தொழிலாளியும்தான், அவர்கள் இருவரும் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே ஆள். லேத் பட்டறை, ஜவுளிக்கடை, அச்சகம், செல்லூர் தறிக்கூடம் என்று நாலைந்து பேர் வேலை பார்க்கும் இடங்கள்தான் இங்கே அதிகம். பதினொரு மணிக்கு ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள்.

அந்தப் பதினொரு மணிதான் முக்கியம். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருந்தும், பெட்டிக்கடை ஓரத்தில் கனலும் கயிறு இன்னும் தொங்குகிறது. மனைவி அங்கே இல்லை, ஆலோசகர் அங்கே இல்லை. கூட விடும் கூட்டாளி இருக்கிறார். அவருக்கும் அதே நிமிடத்தில் அதே ஆசை. "மாப்பிள்ளை, வா, ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம்" என்று அவர் சொல்வதில் உபதேசம் இல்லை. தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் கூப்பிடுகிறார். சறுக்கினாலும் அவரிடம் சொல்லக் கூச்சம் கிடையாது, நாளை அவரே அந்த நிலையில் நிற்கக் கூடும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பலர் நெருங்கிய நண்பரைத் தேடுகிறார்கள். நெருக்கம் இரண்டாம்பட்சம். நீங்கள் நாளில் அதிகமுறை யாரோடு நின்று பிடிக்கிறீர்களோ அவர்தான் சரியான ஆள். அவர் விடாமல் நீங்கள் மட்டும் விட்டால் ஒவ்வொரு இடைவேளையும் சோதனைதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு விழுவார். "அவனே பிடித்துவிட்டான்" என்பதை விட இனிப்பான சாக்கு உலகத்தில் இல்லை. ஆகவே முதல் நாளே பேசிவிட வேண்டும்: ஒருவர் பற்றவைத்தால் மற்றவருக்கு விடுதலை இல்லை, அன்று இரவுக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னவரைக் கேலி செய்யக் கூடாது. மூன்றாவது ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இந்த ஓட்டை சிறுக்கிறது. புத்தகம் படித்துத் தனியாக முயல்பவர்களை விடக் குழுவாகப் பயிற்சி பெற்று விடுபவர்களின் வெற்றி ஏறத்தாழ இரு மடங்கு என்பது காக்ரேனின் இன்னொரு தொகுப்பு சொல்வது.

டீக்கடைக்குப் போவதையே நிறுத்த வேண்டுமா? தேவையில்லை என்பேன், ஆனால் டீயைப் பாதியாக்க வேண்டும். புகையிலுள்ள சில பொருள்கள் காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஐந்து டீ, காஃபின் கணக்கில் முன்பை விட மிக அதிகமாக வேலை செய்கிறது. படபடப்பும் தூக்கம் வராமையும் நிகோட்டின் இல்லாததால் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு டீயினுடையது.

பந்தயம்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி இதைச் சோதித்துப் பார்த்தது. புகைப்பவர்கள் ஆறு மாதம் வட்டியில்லாக் கணக்கில் பணம் போட்டு வந்தார்கள். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பணம் திரும்பும், தோற்றால் அறக்கட்டளைக்குப் போகும். இந்த வாய்ப்பு அளிக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விட 3 சதவீதப் புள்ளி அதிகமாகத் தேறினார்கள், ஓராண்டில் திடீரென்று சோதித்தபோதும் பலன் நீடித்தது. மாதச் சீட்டு கட்டிப் பழகிய ஊருக்கு இது பொருந்தும்தான். ஆனால் தோற்றவரின் பணத்தைக் கறாராக எடுத்துக்கொள்ளும் நண்பர் இங்கே கிடைக்க மாட்டார். பணம் இரவு பரோட்டாக் கடையில் எல்லோர் வயிற்றுக்கும் போய்ச் சேரும், தோற்றவரே இரண்டு அதிகம் சாப்பிடுவார்.

மருந்து, மருத்துவமனை, போன்

சூயிங்கம் ஒரு துணைவருக்குப் போட்டியல்ல, கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது. நிகோட்டின் கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டுகின்றன. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது; மற்றவர்களுக்கு 2. மிட்டாய் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. மின்சிகரெட்டை யாராவது பரிந்துரைத்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2019 முதல் நாடு முழுவதும் தடை.

காலை எழுந்ததும் இருமலோடு பீடியைத் தேடுபவர், சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர், முன்பு பலமுறை விட்டுத் திரும்பியவர் ஆகியோர் கூட்டாளியை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ புகையை நிறுத்த உதவி வேண்டும் என்று நேராகக் கேட்கலாம். பியூப்ரோபியான், வரெனிக்ளின் போன்ற மாத்திரைகள் மருத்துவர் சொல்லித்தான்.

கூட்டாளியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சிம்மக்கல் பக்கம் அறையெடுத்துத் தனியே தங்கியிருப்பவர், மாட்டுத்தாவணியில் லாரியை நிறுத்திவிட்டு உறங்கும் ஓட்டுநர், விடியும் முன்பே பூச்சந்தையில் மூட்டை இறக்குபவர். இவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்தான் முதல் தேர்வு. 2016இல் தொடங்கிய சேவை அது. 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகிறது. தமிழிலும் பேசலாம். ஒருமுறை பேசுவதோடு விட்டுவிடாமல், தேதி குறிக்கச் செய்து, பிறகு அவர்களே திரும்ப அழைக்கிறார்கள். உதவி எண்களின் பலனே அந்தத் திரும்ப வரும் அழைப்புகளில்தான் இருக்கிறது. அவற்றால் வெற்றி நூற்றுக்கு 7 பேரிலிருந்து 10 பேராக உயர்வதாக ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. எந்த நேரத்தில் ஓய்வாக இருப்பீர்கள் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளால் சலித்துப்போய், தெரியாத எண்ணை எடுப்பதே இல்லை என்று வைத்திருப்பவர்கள் அந்த அழைப்புகள் வரும் காலத்துக்கு மட்டும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.