கார் ஷெட் தரை: எப்பாக்ஸியா, சிலிகேட் பாலிஷா?

கார் ஷெட்டின் சிமென்ட் தரையில் தூசு கிளம்பக் கூடாது, ஆயில் ஊறக் கூடாது. இதற்கு நாமே செய்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, மேலே எப்பாக்ஸி பூசுவது; இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் பிளாஸ்டிக் போல இறுகும் பூச்சு அது. மற்றது, தரையையே தேய்த்து, சிலிகேட் டென்சிஃபையர் என்ற கெட்டிப்படுத்தும் திரவத்தை ஊட்டி, பாலிஷ் போடுவது. காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு ஷெட்டுக்கு நான் செய்தது இரண்டாவது. ஆத்தங்குடிக் கல்லே பதிக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, அதைவிட அழகு கிடையாது. ஆனால் அது சூளையில் சுடாத, கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இல்லாத சிமென்ட் கல். சொட்டுகிற ஆயிலைக் குடித்துவிடும்.

எப்பாக்ஸியின் பளபளப்பும் நிறமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயில் சிந்தினால் துணியால் துடைத்துவிடலாம். அந்த விஷயத்தில் எப்பாக்ஸிக்குத்தான் முதலிடம். வெயில் விழும் வாசல் பக்கம் மட்டும் மஞ்சளடிக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கீழிருந்து ஏறும் ஈரம். நம் பக்கத்துப் பழைய தரைகளுக்கு அடியில் பாலிதீன் ஷீட் விரித்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊருணி நிறைந்து மண் நனைந்ததும், ஈரம் கான்கிரீட் வழியே மேலே வரும். எப்பாக்ஸி அதற்கு வழி விடாத படலம். அதனால் ஈரம் அடியில் முட்டிக் கொப்புளமாகத் தூக்கும். ஓடிவந்த டயரின் சூடும் சேர்ந்தால், சக்கரம் நிற்கும் இடத்தில் பூச்சு டயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தெரிந்த வீட்டில் அப்படி உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன்; அடியில் சிமென்ட் மாவு அப்பியிருந்தது. உரிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் அதன் ஓரத்தில் மறுபடி கிளம்பும். ஆக, முழுவதையும் சுரண்டித்தான் பூச வேண்டும். பராமரிப்பு என்று பார்த்தால், எப்பாக்ஸி வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு இது ஒன்றே போதும்.

சிலிகேட் படலமாக நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இறங்கி, அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. உரிவதற்கு மேலே எதுவும் இல்லை, ஈரமும் தன் போக்கில் வெளியேறும். மொசைக் பாலிஷ் போடும் மெஷினை வாடகைக்கு எடுத்து, டைமண்ட் பேடை 50, 100, 200 கிரிட் (எண் கூடக் கூட நைஸாகத் தேய்க்கும்) என்று ஏற்றித் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். உலர வைத்துத் தேய்த்தால் கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டாலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். வெள்ளைக் குழம்பைச் சுத்தமாக வழித்துக் காயவிட்டு, டென்சிஃபையரை ஊற்றித் தள்ளுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கத் தரை நனைந்தே இருக்கட்டும். மீந்ததைக் காயவிட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், அதனால் உடனே கழுவிவிட வேண்டும். அப்புறம் 400, 800. ஷெட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம், வழுக்கும். முன்பு ஆணியால் கீறினால் மாவு உதிர்ந்த அதே தரையில், இப்போது வெறும் கோடுதான் விழுகிறது.

குறையும் உண்டு. சிலிகேட் மட்டும் ஆயில் கறையைத் தடுக்காது, மேலே ஸ்டெயின் கார்டு என்ற கறை தடுக்கும் திரவம் அடிக்க வேண்டும். பேட்டரி ஆசிட் பட்டால் தழும்பு நிச்சயம். என் தரை பார்த்திருப்பது ஒரே ஒரு மழைக்காலம்தான், அதனால் பத்து வருடம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அடியில் ஷீட் போட்டு வார்த்த புதுத் தரை, தினமும் வண்டி வேலை நடக்கும் இடம் என்றால் எப்பாக்ஸியே சரி. வார்த்து 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தரை கறுத்தாலோ பூசாதீர்கள். காய்ந்திருந்தால் சாயங்காலம் ஆரம்பியுங்கள்: காலையில் பூசினால் வெயில் ஏற ஏறத் தரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் ஊசித் துளைகள் விழும். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறி இறுகிவிடும். உடனே தரையில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்.