ராமேஸ்வரத்துச் சங்குக் கடையில் 1804 டாலர்

ராமநாதபுரத்தில் எனக்கு வெள்ளிப் பட்டறை. ராமேஸ்வரம் போனால் அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, சோழி விற்கும் கடைகளை ஒரு சுற்று சுற்றாமல் திரும்ப மாட்டேன். அதில் ஒரு கடையில் பழங்காசும் வைத்திருக்கிறார்கள். கடையின் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் தெரியும்.

சங்குக்கு என்றால் தாராளமாகப் போங்கள். இடம்புரியை வலம்புரி என்று தலையில் கட்டுவதில்லை, ஊதிப் பார்த்தும் வாங்கலாம். ஜிபே உண்டு, பில் கிடையாது.

காசு விஷயம்தான் வேறு. கடைக்காரர் நகைப்பெட்டி ஒன்றைத் திறந்து, "அண்ணே, அமெரிக்கா டாலரு. 1804. எங்க தாத்தா மஸ்கட்ல இருந்து கொண்டாந்தது. கோடிக்குப் போகும், உங்களுக்கு எட்டாயிரம்" என்றார். கோடிக்குப் போவதை எட்டாயிரத்துக்குக் கொடுக்கிற தாராளம்! ஆனால் மஸ்கட் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் காசின் கதையில் மஸ்கட் நிஜமாகவே வருகிறது.

பிலடெல்பியா நாணயச்சாலைக் கணக்கில் 1804இல் 19,570 வெள்ளி டாலர் அடித்ததாக இருக்கிறது. பழைய அச்சையே வைத்து அடித்ததால் அவற்றில் முந்தைய வருடம்தான் விழுந்தது. 1804 என்று பொறித்தவற்றில் முதல் வகைக் காசுகள் சுமார் 30 வருடம் கழித்து, வெளிநாட்டு மன்னர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டிகளுக்காக அடித்தவை. தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் ஒரு பெட்டியை மஸ்கட் சுல்தானுக்கும் இன்னொன்றை சயாம் மன்னருக்கும் கொடுத்தார். அந்த முதல் வகையில் 8 காசுகள்தான் தெரியவந்திருக்கின்றன. சுல்தானுடையது என்று கருதப்படுவது 1999இல் 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பழசாக இருந்தாலே விலை என்று நினைப்பவர்கள் அதிகம். அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்த ஊர்ப்பக்கம்தானே நாம்? தேய்ந்துபோன ரோமானியச் செப்புக்காசு வெளிநாட்டுச் சந்தையில் சில்லறை விலைக்கே கிடைக்கும். அமெரிக்கா முதன்முதலில் அடித்த 1794 டாலரோ, வெளியே வந்ததே 1,758தான். அதில் தேயாத ஒன்று 2013இல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. எத்தனை மிஞ்சின, எவ்வளவு தேயாமல் மிஞ்சின, யார் யார் கைமாறி வந்தன, இதற்குத்தான் காசு.

சரி, டாலருக்கு வருவோம். என் பையில் எப்போதும் சின்னத் தராசு இருக்கும். அந்தக் காலத்து டாலர் 26.96 கிராம், கொஞ்சம் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். இது 21.4. ஓரத்தில் 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்ற எழுத்து ஓட வேண்டும். இதில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். போதாததற்குக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வெள்ளி காந்தத்தில் ஒட்டுமா? கடைக்காரர் அசரவில்லை. "கடல்தண்ணி பட்டது அண்ணே, அதான்" என்றார்.

இதைவிட என்னை நோகடித்தது வேறு. வாசலில் ஒரு பையன் சேது காசுகளை, அதாவது 'சேது' என்று பொறித்த பழைய செப்புக்காசுகளை, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், குத்துவிளக்குத் தேய்ப்பது போல. பல வருடம் மண்ணில் கிடந்து ஏறிய கரும்பச்சைப் பூச்சு கரைந்து, வாளித் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் பூச்சைத்தான். அமெரிக்க டாலரானாலும் சரி, சேது காசானாலும் சரி, தேய்த்துப் பளபளக்க வைத்தால் விலை விழுந்துவிடும். பட்டறைக்காரன் நான், மெருகு போடுவதே என் தொழில், எனக்கே வயிறு எரிந்தது.

தேய்க்காத குவியலில் கைவிட்டு, 'சேது' எழுத்து தெளிவாகத் தெரிந்த இரண்டை எடுத்து 600 ரூபாய்க்கு முடித்தேன். நியாயமான விலைதான். எடையும் தேய்மானமும் சந்தேகப்படும்படி இல்லை.

செருப்பை மாட்டும்போது பின்னால் ஒரு குடும்பத்திடம் அந்த டாலரை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். விலை பத்தாயிரம் ஆகியிருந்தது. தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம்.