ஜன்னலுக்கு வெளியே பனி

வகுப்பறை வடிவமைப்பு பற்றி நான் எழுதிய புத்தகம் இந்நேரம் அச்சாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புத்தகத்துக்குப் படம் வரையக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

தெரிந்தவர் சொன்னதை நம்பித் தண்டையார்பேட்டையில் ஓர் ஓவியரைப் பிடித்தேன். 24 படங்கள், படத்துக்கு 800 ரூபாய், பாதி முன்பணம். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கையின் நிழலே நோட்டில் விழும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்.

வந்த முதல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. காசிமேட்டு மீன்வாடை வர வேண்டிய ஜன்னல் அது! சாய்தளமோ மேலே ஏறி மூன்று படிக்கட்டில் போய் முட்டுகிறது; சக்கர நாற்காலிப் பிள்ளை பறந்தா போகும்? பென்சில் பிடித்த சிறுமிக்கு ஆறு விரல். கேட்டால், "விரலையெல்லாம் யார் டீச்சர் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?" என்கிறார். ஒன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவளிடம்!

மிச்சக் குட்டை ராயபுரத்து அச்சகக்காரர் உடைத்தார். 600 பிக்சல் அகலப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சில் இரண்டே அங்குலம்தான் வரும். அதை இழுத்துப் பக்கம் முழுக்கப் பரப்பியிருந்தார் ஓவியர். சோதனை அச்சில் பிள்ளைகளின் முகம் கொசுவலைக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தது. ஒரு படத்தின் மூலையில் மட்டும் புகைபோல ஒரு கறை. செல்போனில் அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடினேன். வெளிநாட்டில் படம் விற்கும் தளமொன்றில் அதே படம், அதே இடத்தில் அவர்களுடைய நீர்க்குறி, அதாவது படம் யாருடையது என்று காட்டப் படத்தின்மேல் மங்கலாகப் பதிக்கும் அடையாளம். இவர் அழித்தது அதைத்தான். அச்சாகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நானும் பதிப்பாளரும்.

பென்சில் கோட்டோவியத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பைக் கேளுங்கள். தானே வரைந்தவர் தயங்க மாட்டார். உரிமையை எழுதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதியும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான். நான் துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை.

முன்பணம் 9,600 ரூபாய் போனது போனதுதான். இப்போது மீதியைக் கேட்டு அவர்தான் தினமும் போன் செய்கிறார்.