டிபி கிருமியா, ஃப்ளூ வைரஸா? எந்த லேப்ல சேர்றது

தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு வர்ற நிறைய பேரு இந்த ரெண்டுக்கு நடுவுல தான் முழிக்கிறாங்க, அதான் எனக்கு தோணுனத எழுதுறேன்.

நேரம்
டிபி: ஈ.கோலைங்கிற சாதாரண குடல் பாக்டீரியா 20 நிமிஷத்துல ரெண்டாகும், டிபி கிருமி ரெண்டாக கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கும். வளர்க்குற தட்டுல காலனி (கண்ணுக்கு தெரியுற கிருமிக் கூட்டம்) தெரிய 3லருந்து 8 வாரம், நடுவுல பூஞ்சை புகுந்துச்சுன்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும், அழுகையே வந்துரும்.
ஃப்ளூ: லேப்ல வளர்க்குற உயிருள்ள செல்லுல விட்டா 2, 3 நாள்ல தெரிஞ்சிரும்.

லேப், செலவு
டிபி: உயிரோட வளர்க்க பிஎஸ்எல் 3, அதாவது மூணாவது நிலை உயிரிப் பாதுகாப்பு லேப் வேணும். காத்து வடிகட்டாம வெளிய போகாத ரூம், மாஸ்க், தனி டிரெயினிங்னு காசு கரையும்.
ஃப்ளூ: வருஷா வருஷம் வர்ற வகைக்கு பிஎஸ்எல் 2 போதும். ஆனா செல்லுக்கு சோறு போட்டுக்கிட்டே இருக்கணும், ஞாயித்துக்கிழமைன்னு அதுக்கு தெரியாது.

எதிர்காலம்
டிபி: 1882ல ராபர்ட் கோக் கிருமிய காட்டிட்டாரு, ஆனா 1921ல மொதல்ல போட்ட பிசிஜி தடுப்பூசிய தான் இன்னும் போடுறோம், அதுவும் பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய சரியா தடுக்குறதில்ல. மருந்துக்கு அடங்காத வகை வேற, அதனால கேள்விக்கு பஞ்சமே இல்ல.
ஃப்ளூ: இதோட மரபுப்பொருள் 8 துண்டு ஆர்என்ஏ, அது மாறிக்கிட்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு 2 தடவ தடுப்பூசி வகைய உக்காந்து முடிவு பண்ணுது.

மாஸ்டர்ஸ், சின்ன புராஜெக்ட்னா கண்ண மூடிட்டு ஃப்ளூ. அஞ்சு வருஷ பிஎச்டி, பொறுமையும் இருக்குன்னா டிபி. டிபி தான் வேணும் ஆனா காத்திருக்க முடியாதுன்னா ஸ்மெக்மாட்டிஸ்ல ஆரம்பிங்க, சொந்தக்கார கிருமி தான், சுமார் 3 மணி நேரத்துல ரெண்டாகும்.