செண்டுமல்லி வளர்ப்பு: சில வருட அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும், பின்பக்கம் தக்காளி, கத்திரி போடும் சின்ன இடத்திலும் சில வருடமாகவே செண்டுமல்லி இல்லாத பருவம் கிடையாது. (தெற்கே கேந்தி என்பார்கள், அதே பூதான்.) இந்தச் செடி இருந்தால் கொசு வராது, வேர்ப்புழு வராது, தக்காளியில் காய்ப்புழு வராது என்று யூடியூபில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இதில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

கொசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். மாடியில் தொட்டி நிறையப் பூ, பக்கத்தில் உட்கார்ந்தால் கொசு கடிக்கத்தான் செய்கிறது. செடி சும்மா நின்றால் ஒன்றும் நடக்காது.

தக்காளிக் காய்ப்புழு கதை வேறு, அது உண்மை. தாய் அந்துப்பூச்சி தக்காளியைவிடச் செண்டுமல்லியில் முட்டையிடவே ஆசைப்படும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. அதிலும் 45 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். பலரும் இந்த வயது வித்தியாசத்தை விட்டுவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். இன்னொன்று, வரிசையை நட்டதோடு வேலை முடியாது. ஓட்டை விழுந்த மொட்டைப் பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு புழு சுருண்டு கிடக்கும், பக்கத்தில் ஈரமான கழிவு. அந்த மொட்டுகளை அவ்வப்போது கிள்ளி அழிக்காவிட்டால் நாமே புழுவுக்குப் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும்.

வேர்ப்புழு என்று சொன்னது வேர்முடிச்சு நூற்புழுவை, அதாவது மண்ணில் இருந்து வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் பொடிப் புழுவை. அதற்கும் இது வேலை செய்கிறது, ஆனால் தக்காளி ஓரத்தில் ஒன்றிரண்டு செடி வைத்தால் இல்லை. வேரில் ஆல்பா டெர்தியனைல் என்ற பொருள் இருக்கிறது, அது வேரைச் சுற்றியுள்ள மண்ணில்தான் வேலை செய்யும். அதனால் பாத்தி முழுக்கச் செண்டுமல்லியை மட்டும் நெருக்கி நட்டு, இரண்டு மூன்று மாதம் விட்டு, அங்கேயே மடக்கி உழுதுவிட்டு அப்புறம் தக்காளி போட வேண்டும். இப்படிப் போட்ட பாத்தியில் தக்காளியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு நன்றாகவே குறைந்திருக்கிறது.

வளர்ப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும், நாற்று ஒரு மாதம் ஆனதும் 45க்கு 35 செ.மீ. இடைவெளியில் நடலாம். நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளிவிடுங்கள். மொட்டு வைத்திருந்தால் கிள்ள மனசு வராது, ஆனால் கிள்ளாத செடி ஒற்றையாக வளர்ந்து காற்றடித்தால் சாயும், கிள்ளியது பக்கக்கிளை விட்டுப் பூத்துத் தள்ளும். சித்திரை வெயிலில் இலைக்கடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வலை கட்டும், தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தால் ஓரளவு அடங்கும். மழைக்காலத்தில்தான் வெறுத்துப் போகும்: அடுக்குப் பூ தண்ணீரைக் குடித்து உள்ளுக்குள் பழுப்பாகி அழுகிவிடும், தண்ணீர் தேங்கினால் செடியும் போச்சு.

விதை எடுப்பதாக இருந்தால் நாட்டு ரகமோ, பூசா நாரங்கி போன்ற ரகமோ நல்லது. நர்சரியில் விற்கும் குட்டை ஹைப்ரிட் முதல் தடவை பந்து பந்தாகப் பூக்கும். அதன் விதையைப் போட்டால் சில செடிகளில் இதழே இல்லாமல், பச்சைக் குமிழிலிருந்து நூல் நூலாக நீட்டிக்கொண்டு ஏதோ ஒன்று வரும். நோய் இல்லை அது. அந்த மாதிரி ஹைப்ரிட்டுகளின் விதை உற்பத்தியில் இதழும் மகரந்தமும் இல்லாத செடியைத் தாயாக வைப்பதுண்டு, பாட்டியின் குணம் பேத்தியில் தலைகாட்டுகிறது.

மீந்த பூவைக் காயவைத்துக் கோழித் தீவனத்தில் கலக்கிறோம். கர்நாடகாவில் குண்டல்பேட்டைப் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுவதே இதழிலிருந்து லூட்டின் என்ற நிறமி எடுக்கத்தான், அது முட்டையின் மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். விற்பதற்கு என்று போடுபவர்கள் மட்டும் யோசித்துப் போடுங்கள், விலை விழுந்தால் பறிகூலிகூடத் தேறாது. ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமா, பூஜைக்கு மூன்று மாதம் முன்பே விதை போட்டுவிடுங்கள், நாற்றுக்கு ஒரு மாதமும் நட்டபின் இரண்டு மாதமும் சேர்த்துக் கணக்குச் சரியாக வரும்.