செங்கோட்டை வாக்கிங் டூர்: மெடல் கொடுத்த கதையை மட்டும் விட்டுட்டாங்க

போன டிசம்பர்ல அப்பா ஊர்ல இருந்து டெல்லி வந்திருந்தார், அவருக்குச் செங்கோட்டையை நிதானமா சுத்திக் காட்டணும்னு ஒரு வாக்கிங் டூர்ல புக் பண்ணேன். பேர் வேண்டாம். ஆளுக்கு 800 ரூபா, உள்ள போற டிக்கெட் தனி, ரெண்டு மணி நேரம். முகலாயர் பார்ட் நிஜமாவே சூப்பர். சத்தா சௌக் கடைங்களைத் தாண்டி திவான்-இ-ஆம் வர்ற வரைக்கும் அந்த கைடு பொண்ணு சொன்ன விதத்துல எங்க அப்பா வாயைத் திறந்தபடியே நடந்தார், அவருக்கு இந்தி தெரியாதுன்னதும் மெதுவா எளிமையான இங்கிலீஷ்ல சொல்லிச்சு. அதுக்கு முழு மார்க்.

என் வருத்தம் அதுக்கப்புறம்தான். 1857 முடிஞ்சதும் நேரா ஐஎன்ஏ கேஸ் (பிரிட்டிஷை எதிர்த்துச் சண்டை போட்ட நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்து ஆளுங்க மேல நடந்த வழக்கு), அங்கிருந்து 1947ல நேரு ஏத்தின கொடி, டூர் முடிஞ்சுது. ரெண்டாம் உலகப் போர்ல சண்டை போட்ட இந்திய சிப்பாய்ங்களுக்கும் கூர்க்கா சிப்பாய்ங்களுக்கும் இதே கோட்டைக்குள்ள வெச்சு வைஸ்ராய் வேவல் விக்டோரியா கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் ராணுவத்தோட உச்ச வீர மெடலைக் குத்தினாரே, அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டா "அது பிரிட்டிஷ் மெடல் சார், நம்ம ரூட்ல வராது"ன்னு பதில்.

பிரிட்டிஷ் மெடல்தான், யாரு இல்லேன்னா. 1911 வரைக்கும் நம்ம ஆளுங்க அதை வாங்கவே முடியாதுன்னு வெச்சிருந்தவங்க கொடுத்த மெடல். ஆனா வாங்கினவங்க யாரு? இம்பால் பக்கத்துல 1944 ஏப்ரல்ல ஒரு குன்றைப் பிடிக்கப் போய் செத்துப்போன ஜாட் ரெஜிமென்ட் ஜமேதார் அப்துல் ஹபீஸ், அவரோட மெடலை வேவல் கையால வாங்கினது அவர் சம்சாரம். புருஷன் உயிருக்குப் பதிலா கையில ஒரு வெண்கலச் சிலுவை, சிவப்பு ரிப்பன். அதை நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது.

அப்புறம் லச்சிமன் குருங். எட்டாம் கூர்க்கா ரைஃபிள்ஸ், அஞ்சடி கூட இல்லாத மனுஷன். 1945 மே மாசம் பர்மாவுல ஐராவதி ஆத்துக்கு மேற்குக் கரைப் பக்கம் டவுங்டாங்கிற ஊர்ல ராத்திரி ஜப்பான்காரங்க குறைஞ்சது 200 பேர் வந்து மோதினாங்க. லச்சிமன் பதுங்கியிருந்த குழிக்குள்ள வந்து விழுந்த கைக்குண்டு ரெண்டைத் திருப்பி எறிஞ்சார், மூணாவது அவர் கையிலயே வெடிச்சுது. வலது கை விரலெல்லாம் போச்சு, வலது கண்ணும் போச்சு, அதோட இடது கையாலயே ரைஃபிளை லோடு பண்ணி நாலு மணி நேரம் சுட்டிருக்கார். விடிஞ்சப்போ அவர் குழிக்கு முன்னாடி மட்டும் 31 பொணம்.

அவருக்கு 1945 டிசம்பர் 19 அன்னிக்கு இங்கதான் மெடல் கொடுத்தாங்க. அதைப் பாக்க அவங்க அப்பா வந்திருந்தார், வயசு 74, நடக்க முடியாத உடம்பு, நேபாள கிராமத்துல இருந்து 11 நாள் தூக்கிட்டே வந்திருக்காங்க.

இப்போ அந்தத் தேதியைக் கொஞ்சம் பாருங்க. ஐஎன்ஏ வழக்கு 1945 நவம்பர் 5 ஆரம்பிச்சு டிசம்பர் 31 வரைக்கும் நடந்துது, அதே செங்கோட்டைக்குள்ள. கூண்டுல ஐஎன்ஏ ஆபீசருங்க ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். அந்த தில்லான் அதே வருஷம் பிப்ரவரியில அதே ஐராவதிக் கரையில பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்னவர். ஒரே ஆறு, ஒரே வருஷம், ஒரே கோட்டை, ஒரு பக்கம் மெடல் இன்னொரு பக்கம் கோர்ட்டு! ரெண்டையும் சேத்துச் சொன்னாதானே 1945 எப்படி இருந்துதுன்னு புரியும். மலேயா எஸ்டேட்ல இருந்து நேதாஜி பின்னாடி போன தமிழங்க எத்தனையோ பேர், அவங்க கதையைக் கேக்க எனக்கு எவ்வளவு ஆசையோ அதே ஆசை கூர்க்கா கதைக்கும் இருக்கு. அந்தக் கைடு இதைச் சொல்லிருந்தா அங்க நின்ன இருபது பேரும் அசந்து போயிருப்பாங்க.

இன்னொரு குறை, வேகம். அப்பாவுக்கு முட்டி வலி, பேரக்ஸ் (பிரிட்டிஷ் காலத்துச் சிப்பாய்ங்க தங்கின கட்டடங்க) பக்கம் வந்ததும் ஒரு கல் திண்டுல உக்காந்துட்டார், குரூப் நிக்கலை. புக் பண்றப்பவே வயசானவர் வர்றார்னு எழுதிக் கொடுத்திருந்தேன். சரி போகட்டும்னு நாங்க ரெண்டு பேருமா அந்த பேரக்ஸ்ல இருக்கிற மியூசியங்களைப் பாத்தோம், 2019ல திறந்தது. நேதாஜி உக்காந்த மரநாற்காலி அங்க இருக்கு, கண்ணாடியில மூக்கு ஒட்டுற அளவுக்குக் குனிஞ்சு பாத்தார் அப்பா. பக்கத்துல ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பத்தின யாத்-இ-ஜாலியன் மியூசியத்துல முதல் உலகப் போர்ல போன நம்ம சிப்பாய்ங்களைப் பத்தியும் வெச்சிருக்காங்க, அதைத் தவற விடாதீங்க.

முகலாயர் கதை மட்டும் போதும்னா இந்த டூர் எடுக்கலாம், 5க்கு 3. போர்க்கதை வேணும்னா தனியா போங்க, திங்கக்கிழமை லீவு, காலையில சீக்கிரம் போனா கூட்டம் கம்மி.

அந்த 11 நாள் கதையை அப்பாகிட்ட திண்டுல உக்காந்தப்போதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "தூக்கிட்டு வந்தவங்க பேர் எங்கயாவது எழுதியிருக்காடா?"ன்னு கேட்டார்.