ஆறு வருடமாக ஒரு வேர்ச்சொல் அகராதி

சி. டி. அனியன்ஸ் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில வேர்ச்சொல் அகராதி என் மேசைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அனியன்ஸ் 1965இல் காலமானார். அகராதி 1966இல்தான் வெளிவந்தது. என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் எடுத்த பிரதி. தினம் இரவு ஒரு சொல் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

முதல் சில மாதம் சிரமப்பட்டேன். பொடி எழுத்து, எங்கு பார்த்தாலும் சுருக்கக் குறிகள். ஒரு சொல் எந்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது என்பதை ரோமன் எண்ணில் போட்டிருப்பார்கள். பழகியபின் அதுவே பிடித்துப்போனது. பார்த்ததுமே சொல்லின் வயது தெரிந்துவிடும்.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஞாபகம். ‘டெர்ஜிவர்சேட்’ என்றால் பிடிகொடுக்காமல் மழுப்புவது. எத்தனை முறை மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை. லத்தீனில் டெர்கும் என்றால் முதுகு, வெர்டெரே என்றால் திருப்புவது என்று படித்த அன்று, முதுகைக் காட்டித் திரும்பும் ஓர் ஆள் கண்முன் வந்தான். அப்புறம் அந்தச் சொல் மறக்கவே இல்லை. ‘லூக்யூப்ரேஷன்’ அப்படித்தான்: விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி உட்கார்ந்து படிப்பது. எனக்கே வைத்த பெயர் போலிருந்தது.

இன்னொன்று, கதைகளை நம்புவது குறைந்தது. ‘சின்சியர்’ என்பது ‘மெழுகு இல்லாத’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அது கட்டுக்கதை. தூய, கலப்பற்ற என்ற பொருளுள்ள சின்சேருஸ்தான் மூலம். தெரிந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

மிக அபூர்வமான சொற்களுக்கு இந்த ஒரு புத்தகம் போதாது. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குப் போக வேண்டும். அங்கே கிடைத்தது ‘நூடியஸ்டெர்ஷியன்’. 1647இல் நத்தானியேல் வார்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அரசவையின் புதுப் பாணி உடைகளைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். லத்தீனில் ‘இன்றோடு மூன்றாம் நாள்’. ரோமானியர் இன்றையும் சேர்த்தே எண்ணுவார்கள். சரி, பொருள் என்ன? நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும் முந்தாநாள்! அதற்கு ஜோடி ‘பெரெண்டினேட்’, ஒரு வேலையை நாளை மறுநாளுக்குத் தள்ளுவது. இந்த இரண்டையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.